டிஸ்க்கைக் கழற்றும் நேரம்

1991-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம், கம்ப்யூட்டர் தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. எல்லாருக்கும் சேர்த்து ஒரே யூனிக்ஸ் மெஷின். ஹால் முழுக்க அதனோடு இணைத்த டெர்மினல்கள், ஆளுக்கொரு திரையும் கீபோர்டும். சாயங்காலம் கம்பெனி பஸ் கிளம்புவதற்குச் சற்று முன் ஒரு குரல் எழும்.

"யாருப்பா இன்னும் உள்ள கீறது? டிஸ்க்க கழட்டணும், வெளிய வாங்க!"

மெஷினைப் பார்த்துக்கொண்ட ஆபரேட்டர் பெண்ணின் குரல் அது. 'வெளிய வாங்க' என்றால், டிஸ்க்கில் திறந்து வைத்ததை மூடுங்கள் என்று அர்த்தம். பகலில் நாங்கள் வேலை செய்த டிஸ்க்கைக் கழற்றி, அடுத்த கட்டடத்து நைட் ஷிஃப்ட்டுக்குக் கொடுத்த பிறகுதான் அவள் வீட்டுக்குப் போகலாம். யாராவது ஒருவர் அதில் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தாலும் கெர்னல், அதாவது மெஷினை உள்ளிருந்து நடத்தும் நிரல், 'பிஸி' என்று சொல்லிக் கழற்ற விடாது. மீறிப் பிடுங்கினால், இல்லாத டிஸ்க்கைத் தேடிப் போய் மொத்த மெஷினும் படுத்துவிடும். எங்கள் ஆட்களோ எல்லாவற்றையும் திறந்தபடி போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற ரகம். அவர்களைத் தேடிப் பிடிப்பதற்குள் பஸ் போய்விடும். சுங்குவார்சத்திரத்தில், பக்கத்து வீட்டில் விட்டுவந்த அவளுடைய கைக்குழந்தை பாலுக்கு அழுதுகொண்டிருக்கும்.

ஒருநாள் பஸ் போன பிறகு, அவள் கேட்டருகே நின்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தேன். அந்த 'பிஸி' மேல் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கெர்னலில் கைவைப்பதுதான் என் வேலை. உட்கார்ந்து மாற்றி எழுதினேன். டிஸ்க் போனாலும், திறந்திருந்த கோப்பைப் பற்றிய விவரத்தைக் கெர்னல் உடனே அழிக்காது. கடைசி ஆள் அந்தக் கோப்பை மூடும்வரை வைத்திருக்கும். அதற்குள் அவர் எதையாவது எழுத வந்தால், 'டிஸ்க் இல்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்பும். அவ்வளவுதான்.

சோதித்துப் பார்க்க நானே ஒரு கோப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன்.

"சார், நீங்க வெளிய வரலையே?"

"வரமாட்டேம்மா. நீ கழட்டு."

"மெஷின் வுழுந்துட்டா?"

"வுழாது."

வெளியே ஹாரன் அடித்தது. கழற்றினாள். என் திரையில் 'டிஸ்க் இல்லை' என்று வந்தது. மற்ற டெர்மினல்கள் எப்போதும்போல் ஓடிக்கொண்டிருந்தன. "பார்த்தியா!" என்று திரும்பினேன். அவள் அங்கே இல்லை, டிஸ்க்கோடு படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

மறுநாளும் அவள் குரல் கொடுத்தாள். இனிமேல் தேவையில்லையே என்றேன். "மெஷினுக்குத் தேவையில்ல சார். டைப் அடிச்சிக்கினு கீறவங்க சேவ் பண்ணிக்க வேணாமா?" என்றாள். இன்றைக்கும் பென் டிரைவைக் கழற்றும்போது அந்தக் குரலுக்கு மனம் ஏங்குகிறது. பிறகு எத்தனையோ நிரல்கள் எழுதினேன், பாராட்டும் வாங்கினேன். ஒரு குழந்தைக்கு நேரத்துக்குப் பால் கிடைக்கச் செய்தது அது ஒன்றுதான்.