வயிற்றுவலிக்கு அரை டிக்கெட்

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் இரைப்பையில் ஓட்டை விழுந்ததற்குக் காரணம் நான்தான். வேறு யார் தலையிலாவது பழியைப் போடலாமா என்று பார்த்தேன், ஆள் கிடைக்கவில்லை.

பெரம்பலூர் – அரியலூர் தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். நின்று நின்று முழங்கால் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடையில் "கால் வலிக்கு ஒரு செட்டு" என்றால், நாலைந்து கலரில் மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். டாக்டர் சீட்டும் கேட்க மாட்டார்கள், சாப்பிட்டாயா என்றும் கேட்க மாட்டார்கள். ஒரு செட்டு, ஒரு டீ. இரண்டு வருடம் என் காலைப் பலகாரம் அதுதான். போதாததற்குப் பயணிகளுக்கும் சிபாரிசு செய்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, முதல் டிரிப்பிலேயே மேல்வயிற்றில் குத்தியது. கேஸ் என்று முடிவு கட்டி சோடா குடித்தேன். அடங்கவில்லை. வலி என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதானே, இன்னொரு செட்டு போட்டேன். மதியம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. டிரைவரிடம் என் வைத்தியத்தைப் பீற்றிக்கொண்டேன்.

மறுநாள் மதியத்துக்குள் வயிறு பலகையாக இறுகிவிட்டது. மனைவி ஆட்டோவில் போட்டு அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா, "இரைப்பையில ஓட்டை விழுந்திருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணணும்" என்றார்.

என் மச்சானுக்குப் பித்தப்பையைத் துளை போட்டுத்தான் எடுத்தார்கள். வயிற்றில் மூன்று பிளாஸ்திரியோடு ஒரே வாரத்தில் பைக் ஓட்டினான். வயிற்றைக் கிழித்துத் தைத்தவர்கள் என் பஸ்ஸில் ஏறும்போது படுகிற பாட்டையும் பார்த்திருக்கிறேன். நானோ படிக்கட்டில் தொங்கிப் பிழைக்கிறவன்.

"மேடம், துளை போட்டே பண்ணிடுங்க. எம் மச்சானுக்கு..."

"அது பித்தப்பைங்க, இது வேற. வலி எப்ப ஆரம்பிச்சுது? இன்னைக்குத்தான்னா கேமரா விட்டு, துளை வழியாவே தைக்கப் பாக்கலாம். நாளாயிருந்தா வயிறு பூரா அழுக்கு பரவியிருக்கும். திறந்து கழுவணும்."

பதினாலு வயதுப் பிள்ளையைக் குனிந்து உட்காரவைத்து, "பத்துதாங்க ஆவுது" என்று அரை டிக்கெட் கேட்கும் தாய்மார்களை எத்தனையோ முறை மடக்கியிருக்கிறேன். அன்று அவர்களுடைய முகத்தை அப்படியே வாங்கி மாட்டிக்கொண்டேன்.

"இன்னைக்குக் காலைலதாங்க மேடம்."

அவர் எழுதிக்கொண்டார். மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொய்யி மேடம்! நேத்து காலைல பஸ்லயே ஆரம்பிச்சுதாம். ராத்திரி வூட்ல சோறு தண்ணி எறங்கல. சுருண்டு கெடந்தாரு."

"ஏய், நீ சும்மா இரு."

"நான் சும்மா இருந்துதாங்க இந்த லட்சணம்!"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. எழுதியதை அடித்தார். மறுபடி நாடியைப் பிடித்தார். "திறந்துதான் பண்ணணும். பிரஷர் வேற எறங்குது" என்று படிவத்தை நீட்டினார். மனைவி கையெழுத்துப் போட்டாள்.

கண் விழித்தபோது நெஞ்சுக்குக் கீழே தொடங்கித் தொப்புளைத் தாண்டி ஒரு கட்டு. விலாப்பக்கம் ஒரு குழாய். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. இருமினால் தையல் தெறித்துவிடும்போல இருந்ததால், தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு இருமினேன். பக்கத்துக் கட்டில்காரர் வேடிக்கையாகப் பேச ஆரம்பித்தாலே, "அண்ணே, வேணாண்ணே" என்று கும்பிட்டேன். மனைவி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. குழாயில் வடிவதன் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா வந்ததும் மனசு கேட்காமல் கேட்டேன். "மேடம், இவ மட்டும் போட்டுக் குடுக்கலன்னா, மொதல்ல துளை போட்டுப் பாத்திருப்பீங்கல்ல? முடியலன்னா அப்புறம் கிழிச்சிருக்கலாமே?"

குழாயிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் சொன்னார்:

"அன்னைக்கு அவ்வளவு நேரம் உங்ககிட்ட இல்லைங்க."