மேகலா கயிறு இழுத்த நாள்

2024 ஜனவரி 12, வெள்ளிக்கிழமை. விடிவதற்குள் எழுந்து மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்பும் முன்பே விடுதிப் பெண் ஒருத்தி வந்து, "அக்கா, நாஷ்டா ரெடியா?" என்றாள். வவுனியாவிலிருந்து வந்த புதிதில், காலைச் சாப்பாட்டுக்கு இவர்கள் சொல்லும் இந்தச் சொல்லைக் கேட்டு, இவர்களுக்குத் தினமும் காலையில் என்ன நட்டம் வருகிறது என்று கவலைப்பட்டிருக்கிறேன். இப்போது நானே, "நாஷ்டா ஆறுது, வாங்கோ பிள்ளையள்" என்கிறேன். இங்கே நான் சிலோன் அக்கா. ஊரிலிருக்கும் தங்கையோ, தொலைபேசியில் நான் பேசுவது மெட்ராஸ் தமிழ் என்று சிரிக்கிறாள்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பெண் தொழிலாளர் விடுதி ஒன்றைக் கவனித்துக்கொள்கிறேன். சென்ற ஆடியில் மேகலா என்ற திருநங்கை இங்கே தங்க வந்தாள். பழவேற்காட்டு மீனவக் குடும்பம். தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலை. அவள் வந்த வாரம் மற்றப் பெண்கள் என்னிடம் கேட்டது குளியலறையைப் பற்றித்தான். பாதிக் கதவுகளில் தாழ்ப்பாள் சரியாக விழுவதில்லை என்பது அப்போதுதான் பெரிய பேச்சானது. எல்லாக் கதவுகளுக்கும் புதிது போட்டேன். பேச்சு அடங்கிவிட்டது. "உன்னாலதான்டி நிம்மதியா குளிக்கிறோம்" என்று அவளுடைய அறைத்தோழி செல்வி சொல்லிக்கொண்டிருப்பாள்.

அந்த ஜனவரி வெள்ளிக்கிழமை தொழிற்சாலையில் பொங்கல் விளையாட்டு; பார்க்க நானும் போயிருந்தேன். பெண்களுக்கான கயிறு இழுத்தலில் எங்கள் விடுதிக்கும், பொன்னேரிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வேலைக்கு வருபவர்களுக்கும் போட்டி. மேகலா கயிற்றைப் பிடித்ததும், எதிரணித் தலைவி விஜயா கையைத் தூக்கினாள்.

"கோவிச்சுக்காத மேகலா. உன் மேல ஒண்ணும் இல்ல. ஆனா வளந்தது ஆம்பள ஒடம்பாச்சே. நாங்க தோத்தா அதான் காரணம்னு மனசு சொல்லிக்கினே இருக்கும்."

மேகலா கயிற்றை விடவுமில்லை, இறுக்கவுமில்லை. பள்ளியில் ஆண்பிள்ளைகள் வரிசையில் நிறுத்தியதால் விளையாட்டையே விட்டவள் அவள். ஒரு மாதமாக இந்த நாளைத்தான் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு வவுனியாப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் மெய்வல்லுநர் போட்டி ஞாபகம் வந்தது. இடம்பெயர்ந்து அங்கே போய்ச் சேர்ந்த வருடம் எந்த இல்லத்திலும் என் பெயர் இல்லை. பந்தலுக்குள் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கை தட்டினேன். தட்டிய கை நன்றாகத்தான் சிவந்தது.

"நாங்க எட்டு பேரும் குச்சி மாதிரி இருக்கோம். உங்க ஆளுங்கள பாரு, நெல்லு மூட்டை தூக்குற கை!" என்று செல்வி சண்டைக்குப் போனாள்.

மேகலா மெதுவாகச் சொன்னாள்: "வெயிட் மிஷின்ல ஏறலாம்க்கா. எங்க டீமு கனமா இருந்தா நான் ஒக்காந்துக்கறேன்."

பெட்டிகளை எடை போடும் அந்த அகலத் தராசில் எங்கள் எட்டுப் பேர் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறினார்கள். பிறகு விஜயாவின் எட்டுப் பேர். அவர்கள் பக்கம் இன்னொரு ஆள் அளவுக்குக் கூடுதல்.

"ஐயோ, நாஷ்டா துன்னாம வந்திருக்கணும்டி!" என்று விஜயாவே விழுந்து விழுந்து சிரித்தாள். "சரி, வா. பிடி கயித்த."

எடை மட்டும் பலத்தைச் சொல்லிவிடாது. எல்லா விளையாட்டுக்கும் இப்படி ஒரு தராசு கிடைக்கும் என்றும் எழுத மாட்டேன். அன்றைய மைதானத்தில், அந்தப் பதினாறு பேருக்கும் அது போதுமானதாக இருந்தது.

இரண்டு முறையும் எங்களைத் தரதரவென்று இழுத்துப் போட்டார்கள். "சிலோன் அக்கா, ஹாஸ்டல் சாம்பார்ல கொஞ்சம் பருப்பு போடு!" என்று விஜயா கத்தியதில் மைதானமே சிரித்தது. மேகலா புழுதியில் மல்லாந்து கிடந்தாள், செல்வியின் கால் அவள் வயிற்றின் மேல். "தோத்துட்டோம்க்கா!" என்றாள். ஏதோ பரிசு வாங்கிய குரல்.

சனிக்கிழமை காலை கதவைத் தட்டியது விஜயா. கையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டி. "அவ கை காந்துதுன்னாங்க. அடுத்த வருசம் நம்மாண்ட வந்து இழுக்கச் சொல்லுக்கா" என்றபடி உள்ளே நுழைந்து, பல் துலக்கிக்கொண்டிருந்த மேகலாவின் வலது கையை இழுத்து எண்ணெய் தடவத் தொடங்கினாள். "எங்க ஆள அங்க கூப்பிடுவியா?" என்று செல்வி ஓடி வந்து இடது கையைப் பிடித்தாள். இரண்டு கைகளும் இரண்டு பக்கம் போய்விட, பிரஷ்ஷை வாயில் கவ்விக்கொண்டு மேகலா என்னைப் பார்த்தாள். அவள் மோவாயில் வழிந்த நுரையை என் முந்தானையால் துடைத்தேன்.