சாந்துப் பொட்டு இருந்த இடம்

சூடேறிய வால்வுகளின் மேல் தூசி கருகும் வாசனை. அடைமழை என்றாலே இன்றும் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். மண்ணூரில் எங்கள் வீட்டில் அப்பா தன் கையாலேயே செய்த, கேட்கவும் பேசவும் முடிகிற ஹாம் ரேடியோ இருந்தது. தெருவில் அதற்குப் பெயர் "காத்து போனு". அதில் மைக்கின் திருகைக் குறைத்தால் குரல் எட்டாது, கூட்டினால் கிழிந்துபோகும். சென்னை நண்பரைக் கேட்கச் சொல்லிப் பல நாள் பேசிப் பேசிச் சரியான இடத்தைப் பிடித்த அப்பா, எண் எதுவும் இல்லாத அந்தத் திருகின் இடப்பக்கம், அம்மாவின் சாந்தால் அடையாளப் பொட்டு ஒன்று வைத்திருந்தார்.

ஆயுத பூஜைக்கு, "கரண்டுல ஓடற சாமானுக்கும் பொட்டு வெக்கணும்டி" என்று அம்மா சொன்னதுதான் தாமதம், பத்து வயது அதிகப்பிரசங்கியான நான் ரேடியோவை ஈரத்துணியால் துடைத்து, பழைய பொட்டு கோணலாக இருந்ததே என்று, திருகுக்கு நேர் மேலே அழகாகப் புதிது வைத்தேன். அப்பா அப்போது கடைக்குப் போயிருந்தார்.

அடுத்த வாரமே புயல் மழை. தந்திக்கம்பங்கள் சாய்ந்தன, ஏரிக்கரை கசிந்தது. கரையில் மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த சித்தப்பா, "கரை நிக்காது, அண்ணன சீக்கிரம் ஆள் வரவழைக்கச் சொல்லு" என்று சொல்லியனுப்பினார். அப்பா லாரி பேட்டரியை மாட்டி, திருகைப் பொட்டுக்கு நேராக வைத்துப் பேசினார்.

"கொரல் ஒடையுது சார், இன்னா சொல்றீங்கன்னே தெரியல" என்றார் நண்பர்.

திருகு பொட்டில்தானே இருக்கிறது என்று அப்பா அதைத் தொடவேயில்லை. பேட்டரியைப் பார்த்தார், மழையில் கூரைமேல் ஏறி ஏரியல் கம்பியைப் பார்த்தார், கத்தினார். கத்தக் கத்தக் குரல் இன்னும் கிழிந்தது. பின்னால் நின்ற எனக்குப் புரிந்துவிட்டது. சொன்னால் முதுகுத்தோல் உரியும் என்று வாயை மூடிக்கொண்டேன். முக்கால் மணி நேரம் கழித்து, ஏதோ தோன்றி அவர் திருகைக் குறைத்தபோதுதான் செய்தி போய்ச் சேர்ந்தது. ஆட்களோடு வந்த லாரி தண்டலம் தாண்டும்போது கரை உடைந்துவிட்டது. சித்தப்பாவை மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள்.

மறுவருட ஆயுத பூஜையில் நான் சாந்தோடு போனபோது, "இதுக்கு வேணாம்மா" என்றார் அப்பா. கடைசிவரை அந்தப் பொட்டைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அடித்திருக்கலாம்.

இன்று அப்பா இல்லை, ஏரியில் பாதியும் இல்லை. போன வருடம் மகன் வேலை செய்யும் ஒரகடம் கம்பெனியில் ஆயுத பூஜை. புது மெஷின் முன்னால் ஒரு தொழிலாளி என்னிடம் சாந்துக் கிண்ணத்தை நீட்டினார். எங்கே வைப்பது என்று கேட்டேன்.

"எங்க வேணா வெய்ங்கம்மா, ஒண்ணும் ஆவாது" என்று சிரித்தார்.