காட்டுமாட்டுக்குப் போட்ட ரோடு

மிருகங்களைப் படம் பிடிக்க எங்கள் மலைக்காட்டில் அங்கங்கே மரத்தில் காமிரா கட்டியிருக்கிறார்கள். எதிரே எது அசைந்தாலும் அது தானாகப் படம் எடுத்துக்கொள்ளும். காற்றில் புல் ஆடினாலும் எடுக்கும். அதனால் காமிராவுக்கு முன்னாலும், மிருகங்கள் நடக்கிற பாதையிலும் மண்டும் புல்லையும் முள்ளையும் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் என் வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் பிடித்த வேலை.

படம் எடுத்தால் எனக்குக் கூச்சம். காமிரா வந்ததும் மரத்துக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போய்விடுவேன்.

“சிறுத்தையே மாட்டுது, நீங்க மாட்ட மாட்டேங்கிறீங்களே” என்பார் ஃபாரஸ்ட் கார்டு.

எங்கள் ஊர் கிளாவரைக்கு மேலே ஒரு பாதை வருஷக்கணக்கில் புதர் மூடிக் கிடந்தது. கார்டு சொன்னதால் காட்டு விளிம்புவரை வெட்டினேன். கொஞ்சம் நன்றாகவே வெட்டிவிட்டேன். விளிம்புக்குக் கீழே என் அக்காவின் கோஸ் தோட்டம். அந்த வாரமே காட்டுமாடுகள் பாதை வழியே நேராக இறங்கி ஒரு ஓரத்தைத் தின்றுவிட்டுப் போயின.

“ஏலே, ஊருக்கு ரோடு போட ஆளில்ல, மாட்டுக்குப் போட்டுக் குடுத்திருக்கே. வளைவுல வெள்ளையடிக்கலையா?” என்றாள் அக்கா.

“சார்கிட்ட சொல்றேன்க்கா.”

“நீயா? நீ வாயத் தொறக்குறதுக்குள்ள கோஸு முத்தி வெடிச்சுரும்.”

அறுவடைக்குச் சில நாட்கள்தான் இருந்தன. இரண்டு முறை கார்டிடம் போய் மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன்.

பிறகு ஒரு காலையில், கடைசிக் காமிராவுக்கு எதிரே, ஓடைக்குப் பிரியும் பழைய பாதையை வெட்டித் திறந்தேன். வெட்டிய முள்ளையெல்லாம் இழுத்துவந்து தோட்டத்துக்குப் போகும் பாதையை அடைத்தேன்.

அடுத்த முறை படம் பார்க்க வந்த கார்டு அங்கேயே நின்றுவிட்டார்.

“இத யாரு அடைச்சது?”

“மழைக்குக் கொப்பு விழுந்து கெடக்குங்க சார்.”

அவர் காமிராவைத் திறந்தார். முதல் படத்தில் நான் இருந்தேன். ஆள் உயர முள்ளை இழுத்துக்கொண்டு மரத்தைச் சுற்றிப் போக முடிந்திருக்கவில்லை. நேராகப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தேன். அடுத்த படத்தில் ஒரு காட்டுமாடு, அடைத்த முள்ளுக்கு முன்னால் அதே மாதிரி முழித்துக்கொண்டு நின்றது. அதற்கடுத்ததில் ஓடைப் பக்கம் திரும்பியிருந்தது.

கார்டு மறுபடி என் படத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நல்ல மழைதான் போல” என்றார். “கொப்பு அப்படியே கெடக்கட்டும்.”

கோஸ் லாரி ஏறிய அன்று அக்கா எனக்கும் ஒன்று கொடுத்தனுப்பினாள். ஒரு பக்கம் மாடு கடித்திருந்தது. அதை வெட்டிப் போட்டுவிட்டு மீதியைப் பொரியல் செய்தோம்.