பண்ணையாரின் கடைசி எழுத்து

என் அண்ணனுக்கு ரிட்டயர் ஆனதும் முதலில் சர்க்கரை வந்தது, அப்புறம் வம்சம் வந்தது. சர்க்கரைக்காவது மாத்திரை இருக்கிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் மெஷினோடு மல்லுக்கட்டியவர். மேனாம்பேட்டில் வீட்டுக்கு மாடி எடுத்த கையோடு, குடும்ப வரலாற்றைப் புத்தகமாக அடித்து, கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் போட்டுத் தரப்போவதாக அறிவித்தார். ஊரெல்லாம் தேங்காய் போடுகிற பையில் இவர் கொள்ளுத்தாத்தாவைப் போடுவாராம்.

இந்த ஆசைக்குக் காரணம் அவருடைய மகள். அவள் கட்டினால் ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கிற ஒரு பையனைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டாள். எங்கள் சனம்தான், கும்பிடுகிற அம்மன்கூட ஒன்றுதான். ஆனால் பையனின் தாத்தா பூந்தமல்லிப் பக்கம் கூலிக்கு ஏர் ஓட்டியவர். அது போதாதா அண்ணனுக்கு? "பண்ணையார் வம்சத்துப் பொண்ண பண்ணையாள் ஊட்டுக்குக் குடுப்பனா நானு?" என்று குதித்தார். பண்ணையார் என்றால் நிலத்துக்குச் சொந்தக்காரர், பண்ணையாள் என்றால் அந்த நிலத்தில் அடிமைபோல உழைத்துக் கிடந்தவர். வித்தியாசம் ஒரே ஓர் எழுத்து. அந்த எழுத்தை உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அச்சில் காட்டி மகளின் வாயை அடைப்பதுதான் அவர் திட்டம். அவளோ அப்பாவுடன் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தி மாசக்கணக்கில் ஆகியிருந்தது.

அண்ணனிடம் இருந்த ஆதாரங்களைப் பார்க்க வேண்டுமே. தாத்தா காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து பெங்களூருக்குப் போய்ப் பட்டாளத்துக் குதிரைகளுக்குப் புல் வெட்டியதற்கு ஒரு வேலைச்சீட்டு. யுத்த காலத்தில் ஆவடிக்கு வந்து பட்டாளத்துக் கிடங்கில் மூட்டை தூக்கியதற்கு இன்னொன்று. கள்ளிக்குப்பம் விலாசத்தில் கிழிந்த ரேஷன் கார்டு ஒன்று. பண்ணையார் மகன் எதற்காக அண்ணா பெங்களூர் போய்ப் புல் வெட்டினார் என்று கேட்டேன். பண்ணை நொடித்துப்போய்விட்டதாம். ஆசை இருக்கிறது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கிறது கழுதை மேய்க்க.

இவற்றுக்கெல்லாம் மேலே ராஜா மாதிரி வைத்திருந்தது, தாத்தாவின் பள்ளிச் சான்றிதழின் டைப் அடித்த நகல். லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருந்தார். 'தகப்பனார் தொழில்: பண்ணையார்.' அசலைக் கரையான் தின்றுவிட்டது என்று வருஷக்கணக்காகச் சொல்லி வந்தார். நகலை அடித்தது நான்தான். கல்யாணத்துக்கு முன்னால் நான் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தேன்.

நகல் மட்டும் போதாது, மூலத்தையே போட்டோ எடுத்துப் புத்தகத்தில் போட வேண்டும் என்று கிளம்பினார். தாத்தா இரண்டு வருஷம் படித்த அந்தப் பள்ளிக்கூடம் இன்னும் இருக்கிறதாம், பழைய ரிஜிஸ்டரும் இருக்கிறதாம். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வரமாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

காஞ்சிபுரம் தாண்டி வயல் நடுவில் இருந்தது பள்ளிக்கூடம். ஆபீஸிலிருந்த ஒரு நடுத்தர வயசு அம்மாள் பீரோவைத் திறந்து, தும்மிக்கொண்டே ரிஜிஸ்டரை எடுத்தார். தாத்தாவின் பெயர் கிடைத்தது. பக்கத்துக் கட்டத்தில் விரலை வைத்து, பண்ணையாள் என்று அவர் சத்தமாகப் படித்தார்.

அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். அந்தக் காலத்தில் 'ர்' என்ற எழுத்தை இப்படிச் சுழித்துத்தான் போடுவார்கள் என்று அந்த அம்மாளுக்கே பாடம் எடுத்தார். லேத் மெஷினில் கல்வெட்டும் படிக்கச் சொல்லித்தருவார்கள் போலிருக்கிறது.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. விரலை மேலிருந்து கீழ்வரை ஓட்டினார். அந்தப் பக்கத்தில் பதினோரு பையன்கள். பதினோரு தகப்பன்களுக்கும் அதே சொல், அதே சுழி.

"ஒரே ஊர்ல பதினோரு பண்ணையாருன்னா, ஏர் ஓட்டுனது யாரு சார்?" என்றார்.

அண்ணன் போட்டோ எடுக்காமலே வெளியே வந்துவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குச் சிரிப்பு முட்டியிருக்க வேண்டும். முட்டவில்லை.

ஏனென்றால் அந்த எழுத்தை மாற்றியவள் நான். விரல் தவறிவிட்டது என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தவறவெல்லாம் இல்லை. என்னைப் பெண் பார்க்க வர இருந்தவர்கள் மிராசு குடும்பம் என்று தரகர் சொல்லியிருந்தார். வீட்டில் காட்டிக்கொள்ள ஒரு பித்தளைக் குடம்கூட உருப்படியாக இல்லை. இற்றுப்போகிற சான்றிதழுக்கு நகல் அடி என்று அப்பா கொடுத்தபோது, 'ள்' அடிக்கப்போன விரலைத் தூக்கி 'ர்' அடித்தேன். அந்தக் காகிதத்தை அப்பா மாப்பிள்ளை வீட்டாரிடம் பெருமையாகக் காட்டினார், பாவம், அவருக்குப் படிக்கத் தெரியாது. என் மாமியார் சாகும்வரை தெருவெல்லாம் என்னைப் பண்ணையார் வீட்டுப் பெண் என்றே சொன்னார். நானும் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன், வெட்கங்கெட்டவள். இவ்வளவும் வைத்துக்கொண்டுதான் அண்ணனை நக்கலடித்துக்கொண்டிருந்தேன்.

மேனாம்பேட்டுக்கு வந்து சேர்ந்ததும் அண்ணி காபி கொடுத்தார். அண்ணன் மகள் வேலையிலிருந்து வந்து வாசற்படியிலேயே நின்றாள். அண்ணன் தன் செல்போனை என் கையில் கொடுத்து, புத்தகத்துக்கான தாத்தா விவரத்தை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும், டைப் அடி என்றார்.

"நீ முன்ன அட்ச்ச மாரியே அட்ச்சிக் குடும்மா, போதும்."

முன்பு அடித்த மாதிரியே. அப்படியானால் இவருக்குத் தெரியும்.

அது 'ள்' அண்ணா, நான்தான் மாற்றினேன் என்று எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரியும். ரிஜிஸ்டர்ல எழுத்து மங்கிப்போயிருக்கும், 'ர்'னு சாதிச்சிரலாம்னுதான் அங்க போனேன். கரையானாவது ஒன்னாவது. அசல நான்தான் வெந்நீர் அடுப்புல போட்டேன். யாருக்காவ? உனுக்காவ. அன்னிக்கி நீ சரியா அட்ச்சிருந்தா அவுங்க நம்ம ஊட்டுப் படி ஏறியிருப்பாங்களா, சொல்லு."

எனக்காக உண்மையை அடுப்பில் போட்டவர், பிறகு தனக்காகப் பொய்யை எடுத்து லேமினேட் செய்துகொண்டார். அவ்வளவுதான் எங்கள் வம்ச வரலாறு. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

அப்போதுதான் வாசற்படியில் நின்ற அண்ணன் மகள் வாயைத் திறந்தாள். "உங்க கல்யாணத்துக்காக ஒரு எழுத்த மாத்துனீங்க அத்த. என் கல்யாணத்துக்காக அதையே திருப்பி மாத்திடுங்க."

அண்ணனைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தாவின் பெயர், அவர் அப்பாவின் பெயர், ஊர், தொழில் பண்ணையாள் என்று அடித்து, அச்சகத்துக்கு அனுப்பாமல் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். போனைத் திருப்பிக் கொடுத்தேன். அண்ணன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, குரூப்பை விட்டே வெளியேறினார். தன் போனிலிருந்து தான் போட்ட மாதிரியே செய்தி நிற்கிறது என்பது அவருக்கு உறைக்கவில்லை.

கள்ளிக்குப்பத்தில் நாங்கள் இருக்கிற வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் போகும்போது என் வீட்டுக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது என்றே யோசித்தேன். அவரும் அந்தக் குரூப்பில் இருக்கிறார். உள்ளே நுழைந்தால், மனுஷன் கட்டிலில் உட்கார்ந்து பட்டாணி தின்றுகொண்டிருந்தார். அது அண்ணன் போட்டதில்லை, நான்தான் போட்டேன், பொய்யும் என்னுடையதுதான் என்று நின்றபடியே சொன்னேன்.

அவர் வாயிலிருந்ததை மென்று முடித்தார். "மிராசாவது மண்ணாங்கட்டியாவது. எங்க தாத்தா மிராசுதாராண்ட மாடு மேச்சவரு. பொண்ணு ஊடு பெரிய எடம்னு தரகர் சொன்ன ஒடனே எங்கம்மா பயந்துகினு அப்டி சொல்லி உட்டுச்சி. இத்தினி வருசமா உன்ன எதுத்து ஒரு வார்த்த பேசாம கீறேனே."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பட்டாணியை அவர் தலையில் கொட்டியிருப்பேன். மாடு மேய்த்தவர் பேரனுக்குப் பயந்தா எழுத்தை மாற்றினேன்? அந்தச் சூட்டோடு அண்ணனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து, அண்ணி தண்ணீர் கொண்டுவருகிற வரைக்கும் சிரித்தார்.

"இன்னாத்துக்குடி நாம இவ்ளோ கஷ்டப்பட்டோம்?" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஞாயித்துக்கெழம அந்தப் பையன் ஊட்ல வரச் சொல்லு. அந்த லேமினேஷன நானே கயிட்டி வச்சிர்றேன்" என்றார்.