றாஹிலா டீச்சரின் நாலில் ஒன்று

றாஹிலா இருபது வருடங்களாகக் கல்முனையில் தன் வீட்டில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறாள். பகுதியெண் வேறான பின்னங்களைக் கழிக்கும்போது பிள்ளைகள் விடும் பிழை அவளுக்கு மனப்பாடம். மேலே உள்ளதை மேலே உள்ளதிலிருந்தும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதிலிருந்தும் கழித்துவிடுவார்கள். கீழே உள்ளதை முதலில் ஒன்றாக்குங்கள் என்பாள். பின்னேரம் அவர்கள் போய்விட்டால் மறுநாள் வரை அந்த வீட்டில் கதைக்க ஆளில்லை.

கணவர் முபாறக் மாரடைப்பில் மௌத்தாகி, விதவை வீட்டோடு இருக்கும் நாலு மாத இத்தாவும் அவளுக்கு முடிந்த மறுவாரம், கணவரின் நானா ஆதம்பாவா, சகோதரர்களில் மூத்தவர், சித்தி லைலா என்ற தன் தாயையும் கூட்டிக்கொண்டு வந்தார். வீடு றாஹிலாவுக்குச் சீதனமாக வந்தது, அதில் பேச்சில்லை. பிரிக்க வேண்டியிருந்தது நற்பிட்டிமுனையில் முபாறக்கின் நாலு ஏக்கர் வயலை.

ஆதம்பாவா ஒரு கடதாசியை நீட்டினார். மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று. இரண்டையும் கழித்தால் மீதி இருபத்துநாலில் பதினேழு. அது அவருக்கும் இரண்டு தம்பிமாருக்கும்.

“டீச்சருக்கு முன்னால கணக்கு வெக்கப் பயமாத்தான் இரிக்கி. பாருங்க மச்சி.”

கழித்தல் சரி. முதல் எண்தான் பிழை. மார்க்கச் சட்டத்தில் எட்டில் ஒன்று, பிள்ளை உள்ள மனைவிக்கு. பிள்ளை இல்லாதவளுக்கு நாலில் ஒன்று. அதாவது அரை ஏக்கரா, ஒரு ஏக்கரா என்ற கேள்வி. வருடாவருடம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் குறைகிறார்கள். அந்த அரை ஏக்கரை விட்டுவிட அவளால் முடியாது.

விதவை என்றாலே எட்டில் ஒன்று என்று சொல்லிப் பழகியவர், அப்படியே எழுதிவிட்டார் என்று நினைத்து, ஏன் எட்டு என்று கேட்டாள். இல்லை. அவர் யோசித்துத்தான் எழுதியிருந்தார்.

“ஸம்றா இரிந்திச்சே மச்சி. அத விட்டுட்டு எப்பிடி எழுதுற?”

ஸம்றா, றாஹிலாவின் ஒரே பிள்ளை, பதினாறு வருடங்களுக்கு முன் பிறந்து பதினொரு நாள் உயிரோடு இருந்தாள். அதன்பிறகு இந்தக் குடும்பத்தில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை, முபாறக்கும்தான். தான் மட்டுமே நினைத்துக்கொண்டிருப்பதாக றாஹிலா நம்பியிருந்தாள். இப்போது அந்தப் பெயர் கடதாசிக்குள் இருந்தது. அதை அவளே வெளியே எடுக்க வேண்டும்.

“அவர் மௌத்தாகக்குள்ள உசிரோட இரிந்த பிள்ளையத்தான் கணக்கெடுக்கிற, மச்சான். அவருக்குப் பிள்ளை இல்ல.”

“இரிந்திச்சி கா,” என்றார் சித்தி லைலா. “என்ட கையாலதான் குளிப்பாட்டின.”

“ஓம் மாமி. பங்குக்கு இல்ல.”

ஆதம்பாவா தெரிந்த மௌலவி ஒருவருக்கு போன் எடுத்துக் கேட்டார். பிறகு எட்டை வெட்டி நாலு போட்டார். றாஹிலா மீதியைச் செய்து கொடுத்தாள். பகுதியெண் பன்னிரண்டு. பன்னிரண்டிலிருந்து மூன்று, பிறகு இரண்டு, மிச்சம் ஏழு. கோபமில்லாமல் கையெழுத்து வைத்தார்கள்.

தேநீர் போடுகிறேன் என்றாள். மாமியாவது இன்றைக்கு நில்லுங்கள் என்று கேட்டாள். இன்னொரு நாளைக்கு வருகிறேன் என்றார் சித்தி லைலா.

ஸம்றா யாருடைய சாயல் என்று மாமியிடம் கேட்க, வாசல் வரை பின்னால் போனாள். கேட்பதற்குள் ஆதம்பாவா ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணியிருந்தார்.