மஞ்சள் பட்ட லேபிள் தாள்

லேபிள் தாள் வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். உங்கள் பிரிண்டர் மை தெளிப்பதா, சூட்டில் பதிப்பதா என்பது முதலாவது. சூட்டில் பதிக்கும் பிரிண்டருக்குள் தவறான தாள் போனால் பசை உருகிவிடும். ஒரு தாளில் எத்தனை லேபிள் என்பது இரண்டாவது. ஒட்டியதை உரிக்க முடியுமா என்பது மூன்றாவது. அக்கா கல்யாணத்துக்காகச் சென்னையில் ஒரு பாக்கெட் வாங்கியபோது இந்த மூன்றையும் பார்த்துத்தான் வாங்கினேன். அம்மாவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போது நான் கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு, திருத்தணியிலிருந்து ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். வீட்டில் மை தெளிக்கும் பிரிண்டர் ஒன்று இருந்தது. உள்ளூர்க்காரர்களுக்குப் பத்திரிகையை நேரில் கொடுப்பது, வெளியூர்க்காரர்களுக்குத் தபாலில் போடுவது என்று முடிவாகியிருந்தது. விலாசங்களை லேபிளில் அடிக்கலாம் என்றேன். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா உடனே ஒப்புக்கொண்டார். நான் சொன்ன எதற்கும் அவர் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதில்லை.

காரணம் மாமா. அம்மாவின் அண்ணன், அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வைத்திருப்பவர். எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொண்டுவந்தார். நைனா அதை மோட்டார் ரூமில் மாட்டினார். அடுத்த முறை வந்த மாமா, கை கழுவப் போன இடத்தில் அதைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நைனாவும் போகவில்லை. தாய்மாமன் வராவிட்டால் அக்காவை மணைக்குக் கைபிடித்து அழைத்து வருவது யார் என்பதுதான் அம்மாவின் கவலை.

"நீங்க நேர்ல போயி தட்டு வெச்சி கூப்ட்டாதான் அண்ணன் வருவாரு."

"வெளியூருன்னா எல்லாருக்கும் தபாலு. ஒரே லேபிளு, ஒரே ஸ்டாம்பு. அவருக்கு மட்டும் இன்னா தனியா?"

"அவரும் எல்லாரும் ஒண்ணா? தாய்மாமன்."

"அப்போ அவரு பேரை மொதல்ல போடச் சொல்லு. மரியாதை ஆச்சில்ல?"

முதலில் போட்டேன். அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தாள்.

"மொதப் பேரு தாள்ல எங்க வரும்?"

"இடது பக்கம், மேல் மூலையில."

"மூலையிலயா?"

"எப்பவும் அங்கதாம்மா."

"ஆங்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

லேபிள் தாளில் நேராக அடிக்கக் கூடாது. முதலில் சாதாரணத் தாளில் அடித்து, அதை லேபிள் தாளோடு சேர்த்து விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். எழுத்து கட்டத்தைத் தாண்டினால் ஓரத்தின் அளவைத் திருத்த வேண்டும். இதையெல்லாம் செய்தேன். பாக்கெட்டில் இருந்த அத்தனை லேபிளுக்கும் பெயர் இருந்தது, உபரி என்று ஒன்றுகூட இல்லை. தாள்களைப் பிரிண்டரில் அடுக்கினேன். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், போய்ப் பேசிவிட்டு வந்து பொத்தானை அழுத்தினேன்.

முதல் தாள் அடித்து முடியும் இடத்தில் சிக்கி நின்றது. இழுத்து எடுத்தால் நான்கு மூலையிலும் மஞ்சள். மூன்று மூலைகளில் பெயரைப் படிக்க முடிந்தது. முதல் மூலையில் மட்டும் மஞ்சளைத் தாராளமாக வைத்திருந்ததால், லேபிள் ஊறிக் கிளம்பி உள்ளே உருளையில் சுற்றிக்கொண்டிருந்தது.

கல்யாணப் பத்திரிகையின் மூலைகளில் மஞ்சள் தடவாமல் எங்கள் பக்கம் யாரும் அனுப்புவதில்லை. பத்திரிகைகளுக்கு அந்த வேலை காலையிலேயே முடிந்திருந்தது. மிச்ச மஞ்சள் கிண்ணத்தோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"இதுக்கு எதுக்கும்மா மஞ்சள்?"

"கல்யாணத்துக் காகிதம். மஞ்சா வெக்காம வெளிய அனுப்புவாங்களா?"

"இன்னும் பேரே அடிக்கலியே!"

"அடிச்சப்புறம் ஈரம் பட்டா மை கலைஞ்சிடும்னு நீதான சொன்ன?"

அதையும் நான்தான் சொல்லியிருந்தேன்.

"அவரோடத கையால எழுதிப் போடு" என்றார் நைனா.

"பள்ளிப்பட்டுல உங்க கூட்டாளிங்களுக்கெல்லாம் அச்சுல போவுது. எங்க அண்ணனுக்கு மட்டும் பேனாவுலயா? கடியாரத்த மோட்டார் ரூம்ல மாட்டுனது பத்தாதா?"

நைனா என் பக்கம் திரும்பினார். "ஒரு லேபிளு தனியா விப்பாங்களா?"

"பாக்கெட்டாத்தான் நைனா."

ஒரு லேபிளுக்காக ஒரு பாக்கெட் வாங்குவது நைனாவின் இயல்பில் இல்லை. அம்மையார்குப்பத்துக்கு டவுன் பஸ் இருந்தது.

தட்டைச் சுமக்க என்னையும் கூட்டிப்போனார்கள். வெற்றிலை பாக்கு, பழத்தோடு பத்திரிகையை வாங்கிய மாமா, கவரை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா பாவா, மேல பேரே காணோம்?"

"லேபிளு மிஷின்ல மாட்டிக்கிச்சு."

"அதான் நேர்ல வந்தீங்களா?"

நைனா கூரையைப் பார்த்தார். அம்மா என் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள்.

"கடியாரம் ஓடுதா?" என்று மாமாவே ஆரம்பித்தார்.

"ஓடுது. நேரம் கரெக்டா காட்டுது."

"காட்டணுமில்ல. மோட்டாரு நேரம் பாத்துதான ஓடணும்?"

முதலில் சிரித்தது அத்தை. பிறகு காபி வந்தது. நைனா அதை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கடிகாரத்தை எடுத்துவந்து கூடத்தில் மாட்டினார். கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்த மாமா முதலில் பார்த்தது அந்தச் சுவரைத்தான். மறுநாள் அவர்தான் அக்காவின் கையைப் பிடித்து மணைக்கு அழைத்துவந்தார்.

உருளையில் சுற்றிய லேபிள் முழுதாக வரவில்லை. உரிக்க முடியாத பசையாகப் பார்த்து வாங்கியது நான். அதற்குப் பிறகு அந்தப் பிரிண்டரில் அடித்த ஒவ்வொரு தாளின் இடது மேல் மூலையிலும் லேசாக மஞ்சள் விழுந்தது. வேறு வேலைக்கு நான் போட்ட விண்ணப்பங்களும் அப்படித்தான் போயின.